முதல் நிராகரிப்பு

யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருள்களைச் சரிபார்க்கும் சங்கத்தில், அவற்றை ஏற்கவோ நிராகரிக்கவோ செய்யும் தன்னார்வ ஆசிரியராகச் சேர்ந்த பெனிட்டாவுக்கு முதல் வேலையாக வந்தது, அடுத்த அறையில் அவள் அப்பாவுக்கு மூச்சுக் கொடுக்கும் இயந்திரத்தின் மென்பொருள்தான். அதில் கோளாறு இருந்தது உண்மை, அதனால் ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை செத்திருந்தது. அவள் நிராகரித்தால் அது ஓடும் இயந்திரங்கள் எல்லா இடத்திலும் உடனே நின்றுவிடும். ஆஸ்பத்திரிகளில் மாற்று இயந்திரம் உண்டு, வீட்டில் கிடையாது.

சங்கத்தின் பயிற்சியாளரைப் போனில் அழைத்து அழுதாள். "மேடம், அப்பாவுக்கு வேற மெஷின் சாயங்காலம் வந்துடும். அதுவரைக்கும் பொறுங்க."

"புதுசா வர்றவங்களுக்கு அவங்க வீட்டு மெஷினைத்தான் முதல்ல தருவோம்மா. எல்லாரும் சாயங்காலம் வரைக்கும்தான் கேப்பாங்க. அதுக்குள்ள இன்னொரு குழந்தை போயிடுமே."

பெனிட்டா அப்பாவின் கையைப் பிடித்தபடி நிராகரித்தாள். அவர் மூச்சு அடங்கும்வரை விடவில்லை.

"வாழ்த்துகள்," என்றார் பயிற்சியாளர் போனில். "இனி நீங்க எங்க ஆசிரியர். வேற யாராவது சேருவாங்களா?"

"தம்பி கேட்டிருந்தான்," என்றாள், எங்கோ பார்த்தபடி.

"அவர் வீட்டுல மெஷின்ல யாராவது இருக்காங்களா?"

"அவன் மகள்."

"நல்லது. நாளைக்கே வரச் சொல்லுங்க."