கிறிஸ்டியின் கைவேலை

கைக்குட்டை ஓரத்து லேஸை ஜெபராணி விரலால் தடவினாள். அதற்குள்ளேயே அவள் கண் நிறைந்துவிட்டது, பாவம்.

"மக போட்ட லேஸுதானான்னு பையப் பையப் பாத்துச் சொல்லும்மா" என்றார் ஏட்டு.

அம்பாசமுத்திரத்துக்குக் கீழே ஆற்றில் ஒதுங்கிய பெண்ணுடல். தண்ணீரில் ஊறி முகமே இல்லாமல் போயிருந்தது. இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையைப் பார்த்துத்தான் லேஸ் பின்னுகிற இந்த ஊருக்கு ஏட்டு ஆள் அனுப்பியிருந்தார்.

தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை. யார் பின்னியது என்று கையெழுத்தைப்போலக் கண்டுபிடித்துவிடுவார்கள், பெண்கள் மட்டும். ஆண்களுக்கு எல்லாம் ஒரே வெள்ளை நூல்தான். புருஷன் சாலமோனும் மகன் ஜெய்சனும் பிணவறை வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்தார்கள்.

மகள் கிறிஸ்டிக்கு இடது கைப் பழக்கம். அவள் போடும் பூவெல்லாம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தே நிற்கும். "ஏட்டி, ஒன் தோட்டத்துல மட்டும் எப்பவும் காத்தடிக்குமோ?" என்று ஜெபராணி கேலி செய்வாள்.

கிறிஸ்டி இசக்கிராஜாவோடு ஊரைவிட்டுப் போன நாளிலிருந்து ஜெய்சனின் பைக்கில் அரிவாள் இருக்கிறது. கண்ட இடத்தில் தங்கையை வெட்டுவேன் என்று கோயில் வாசலிலேயே சொன்னவன். சாலமோன் தடுக்கவில்லை, பெட்ரோல் போட்டுக் கொடுத்தார். போன வாரம் பாபநாசம் பக்கம் அவர்களைப் பார்த்ததாக நேற்றுத்தான் ஒருவன் வந்து சொல்லியிருந்தான்.

ஜெபராணி கைக்குட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். பூக்கள் அத்தனையும் வரிசை பிசகாமல் நேராக நின்றன. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள்.

"எம் பிள்ளதான்" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நன்றாகப் பார்த்தாயா என்று சாலமோன் கேட்டார்.

"நான் பழக்கின கை எனக்குத் தெரியாதா?"

திரும்பும் வழியில் ஜெய்சன் பாலத்தில் வண்டியை நிறுத்தினான். அரிவாளை எடுத்து ஆற்றில் எறிந்தான். "இனி அலைய வேண்டாம்லே" என்றார் சாலமோன்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூடுமுன், ஜெபராணி தான் பின்னிய லேஸை அந்த முகத்தின்மேல் விரித்தாள். மற்றவர்கள் ஒதுங்கி நின்றார்கள். அவள் குனிந்து, பெட்டிக்குள்ளே மெதுவாகக் கேட்டாள்.

"நீ யாரு பெத்த பிள்ளையோ, தாயி?"