ரெண்டு ஹாரன்

எண்பத்தேழில் ராஜபாளையத்தில் புது பஸ் ஸ்டாண்டுக்கு இடம் அளக்க வந்த சர்வேயர் வைகுண்டராஜிடம், வீடுகளை இடிக்க வேண்டாம் என்று தெருவே கெஞ்சியது. ஞானபாக்கியம் மட்டும் வேறு மாதிரி கேட்டாள்.

"எங்க முன்வாசலை வேணும்னா இடிச்சுக்கிடுங்க சார். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸு மட்டும் எப்பவும்போல இந்தத் தெரு வழியாப் போகட்டும்."

"எதுக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரர் அந்த ரூட்டு டிரைவரு. வாசலைத் தாண்டுறப்ப ரெண்டு ஹாரன் அடிக்கிறது வழக்கம். அதைக் கேட்ட பொறவுதான் உலை வைப்பேன்."

அந்நேரம் தெருவில் ஒரு பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.

"இந்தா, போறாரே!" வைகுண்டராஜ் சிரித்தார். "சாப்பிட வீட்டுக்குத்தானே வரப்போறாரு? இதுக்காக ரோட்டைத் திருப்ப முடியுமாம்மா?"

"அவிய தவறி ஒம்பது வருசம் ஆச்சு சார். கூட ஓட்டுனவிய இன்னும் அடிச்சிட்டுத்தான் போறாவ."

சொல்லிவிட்டு, உலை வைக்க உள்ளே போனாள்.