பால் பல் விழும்வரை

திருச்சி மாட்டாஸ்பத்திரி டாக்டர் சவரிராயனுக்கு எரிச்சலாக வந்தது. உப்பிலியபுரத்திலிருந்து காளியாயி மூன்றாவது தடவையாக வந்து நிற்கிறாள். கடிக்கிற நாய்க்குட்டியை மட்டும் இந்தத் தடவையும் கொண்டுவரவில்லை.

"குட்டி எங்கம்மா?"

"பஸ்ல ஏத்த மாட்டேங்கறாங்க ஐயா."

அவள் முழங்கை வரைக்கும் பல் தடம். ஆறிய காயத்தின் மேலேயே புதுக் காயம்.

"கோபத்துல அடிச்சீங்களா?"

"ஐயோ, இல்லீங்க. நீங்க சொன்ன மாதிரியே, கடிச்சதும் 'ஆ'ன்னு கத்திட்டு முகத்தைத் திருப்பிக்கறேன். கடிக்கறதுக்குப் பழந்துணியைச் சுருட்டிக் கொடுத்திருக்கேன். கட்டிப் போடறதையும் விட்டுட்டேன்."

சவரிராயனின் எரிச்சல் அடங்கியது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை.

"அப்பக் கவலைய விடுங்க. பால் பல் விழற வரைக்கும்தான் இந்தத் தொல்லை. அப்புறம் தானா நின்னுடும்."

காளியாயியின் முகம் இருண்டுபோயிற்று.

"அது விழுந்து பத்து வருஷம் ஆச்சுங்களே!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பத்து வருஷமா? அப்ப அது குட்டியே இல்லியேம்மா!"

"நாயே இல்லீங்க. எம் மவன். பொறந்ததுலேர்ந்து புத்தி சுவாதீனமில்லை."

சவரிராயன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார்.

"சொன்ன எடத்துலல்லாம் சங்கிலி போடு, நாலு அடி போட்டாத்தான் அடங்குவான்னு சொன்னாங்க. நாய்க்குட்டின்னு சொன்ன பிறகுதாங்க, 'அடிக்காதீங்க, கட்டாதீங்க'ன்னு நீங்க ஒருத்தர் சொன்னீங்க."