ஆறு மாதப் பத்தியம்

நர்ஸ் வைத்துப்போன இரண்டு உறைகளில் மேலே இருந்ததைப் பிரித்துப் படித்த டாக்டர் யாரேமாவின் முகம் வெளிறியது. எதிரே மனைவியோடு உட்கார்ந்திருந்த ஒமெல்யான் நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

"கெட்ட கொழுப்பு எக்கச்சக்கம். ரத்தக் குழாய் முக்கால்வாசி அடைச்சிருக்கு," என்று முணுமுணுத்தார் டாக்டர்.

ஸ்தெஃபா கணவனை முறைத்தாள். "ஏன்யா, எனக்குத் தெரியாம நிலவறையில போய் சாலோ தின்னியா?"

"சத்தியமா இல்லடி. உப்புப் போட்ட அந்தப் பன்னிக் கொழுப்ப நாக்குல வச்சே ஆறு மாசமாச்சு. நிலவறையில ஏது சாலோ? கிறிஸ்துமஸுக்கு அறுத்த பன்னியோடது மொத்தத்தையும் டாக்டருக்குத்தானே குடுத்தோம்? உசிரக் காப்பாத்தினவர வெறுங்கையோட பாக்கக்கூடாதுன்னு நீதானே பூண்டு தடவி, துணியில சுத்திக் குடுத்தே?"

ஸ்தெஃபா நம்பவில்லை. "அப்போ இது எங்கேருந்து வந்துச்சு?"

டாக்டர் தலை நிமிரவில்லை. "நீங்க மட்டும் இல்லம்மா. நான் சாலோவ விடச் சொன்ன அத்தனை பேரும் வீட்டுல இருந்தத இங்கதான் கொண்டாந்தாங்க."

பிரிக்காத உறையை ஒமெல்யான் பக்கம் தள்ளினார்.

"உங்க ரிப்போர்ட் இதுல இருக்கு. நான் படிச்சது என்னோடது."