பதினேழாவது தூண்

"ஒரே ஒரு காகிதம் போதும்ணே. மூணு வருஷமா அந்தப் பாலத்துக்கு அடியிலதான் இருக்கீங்கன்னு சொல்ற மாதிரி ஏதாவது ஒண்ணு."

"பாலத்துக்கு அடியில இருக்கிறவனுக்குக் கரண்ட் பில் யாரும்மா அனுப்புவாங்க?" என்றார் சாவிக்காரர்.

நீதிமன்ற வராந்தா. மணி பதினொன்று நாற்பது. பன்னிரண்டுக்கு வழக்கை மறுபடி கூப்பிடுவார்கள். கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது என்று முடிவு செய்திருந்த வக்கீலம்மா நிமிடத்துக்கு இரண்டு முறை பார்த்தார்.

ஊரில் பாதிப் பேர் வீட்டுப் பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்து கொடுத்தவர் சாவிக்காரர். பூட்டுவதற்கு அவருக்கென்று ஒரு கதவுதான் இல்லை. பொது இடத்தில் தொடர்ந்து தூங்கினார் என்று வழக்கு. நிரூபணமானால் ஆறு மாதம் சிறை.

'தூங்க இடமில்லாதவரைத் தூங்கினதுக்காகப் பிடிச்சு, ஜெயில்ல கூரை போட்டுக் கொடுக்கிறோம். அந்தக் கூரையை வீடாவே கொடுத்தா என்ன ஐயா?' என்று காலையில் வக்கீலம்மா ஒரு பிடி பிடித்தார். நீதிபதி கொஞ்சம் இறங்கி வந்தார். வீடு ஒதுக்கச் சொல்லி வீட்டு வாரியத்துக்கு உத்தரவு போடலாம். ஆனால் மூன்று வருடம் ஒரே இடத்தில் வசித்ததற்கு அரசாங்க முத்திரையோடு அத்தாட்சி வேண்டும் என்பது வாரியத்தின் விதி. பன்னிரண்டு மணிக்குள் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

"உங்க பொண்ணோட ஸ்கூல்ல உங்க விலாசம் இருக்குமே?"

"பூட்டுக் கடை முதலாளி விலாசத்தைக் கொடுத்தேம்மா. பாலம்னு எழுதினா சேர்க்க மாட்டேன்னுட்டாங்க." "நான் உள்ள போயிட்டா பாப்பாவை ஹோம்ல கொண்டுபோய் விட்ருவாங்களாம்மா? எட்டாவது படிக்குது. இன்னிக்குப் பரீட்சை. அதுகிட்ட நான் எதுவுமே சொல்லல."

வக்கீலம்மா ஃபைலை மறுபடி முதலிலிருந்து புரட்டினார்.

வராந்தாக் கோடியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சாவிக்காரர் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"வந்துட்டான்மா, முதல் தேதி!"

பாலத்தடியில் போலீஸ் ஏட்டுக்கு வைத்த பட்டப்பெயர் அது. கக்கத்தில் ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்துகொண்டிருந்தார்.

"மாசம் பொறந்தா டாண்ணு வந்து நிப்பான்மா. எச்சரிக்கைச் சீட்டு எழுதி, முத்திரை குத்தி, என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுத்தான் போவான். மழைன்னாலும் லீவு கிடையாது. ஒரு தடவை காய்ச்சலோட, தலையில துண்டைச் சுத்திக்கிட்டு வந்து எழுதினான். பதினேழாவது தூண்னு நம்பரோட எழுதணும் அவனுக்கு. என் காப்பியை அவன் முன்னாடியே கிழிச்சுப் போடுவேன். 'கிழிக்காதய்யா, பத்திரமா வை'ன்னு நக்கல் வேற."

"வேற இடத்துக்குப் போயிருக்கலாமேண்ணே?"

"போன வருஷம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போயிடலாம்னு மூட்டையைக் கட்டினேன். 'எங்கய்யா ஓடுற? இங்கேயே கிட!'ன்னு அதட்டி உக்கார வெச்சுட்டான். கையில சிக்கின எலியை விடுவானா? இப்ப கேஸையும் போட்டுட்டான், பாவி."

"அந்தச் சீட்டுங்கதான் நமக்கு எமன். தொடர்ந்து தூங்கினீங்கன்னு அதை வெச்சுத்தான் நிரூபிப்பாங்க. உள்ளேயே வர விடாம ஆட்சேபம் பண்றேன். இடையில ஒரு மாசம் விட்டுப்போயிருந்தாக்கூட நமக்கு நல்லதுதான்."

டவாலி பெயரைக் கூப்பிட்டார். வக்கீலம்மா சாவிக்காரர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

"அத்தாட்சி கிடைச்சுதா?" நீதிபதி கேட்டார்.

"இல்லை ஐயா." வக்கீலம்மா ஃபைலை மூடினார்.

அரசு வக்கீல் உற்சாகமாக எழுந்தார். "எங்க தரப்புல அத்தாட்சிக்குப் பஞ்சமே இல்லை ஐயா." ஏட்டு கூண்டில் ஏறி, கத்தையை நீட்டினார்.

"ஆட்சேபிக்கிறேன்!" வக்கீலம்மாவின் குரல் தேவைக்கு மேல் ஓங்கி வந்தது. "இதுல ஒரு சீட்டைக்கூட நீதிமன்றம் ஏத்துக்கக் கூடாது."

ஏட்டு பதறிப்போய்த் திரும்பினார். "அம்மா, அவசரப்பட்டு அப்படிச் சொல்லிடாதீங்கம்மா!"

எதிர்த்தரப்புச் சாட்சி தன்னிடம் கெஞ்சுவதை வக்கீலம்மா அதற்கு முன் பார்த்ததில்லை.

நீதிபதி சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் முதல் தேதி, எல்லாம் பதினேழாவது தூண். இடையில் ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை. சாவிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏட்டு, இத்தனை தடவை எச்சரிச்சிருக்கீங்க. ஒரு தடவைகூட இவரை அங்கிருந்து கிளப்பலையே, ஏன்?"

"கிளப்பினா கணக்கு விட்டுப்போயிடும் ஐயா."

"என்ன கணக்கு? இத்தனை நாள் சும்மா இருந்துட்டு இப்ப மட்டும் எதுக்குக் கேஸ் போட்டீங்க?"

ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"இவங்க இங்கதான் இருக்காங்கன்னு எழுதி அரசாங்க முத்திரை குத்த, என் கையில இருக்கிற ஒரே காகிதம் இந்தச் சீட்டுதான் ஐயா. நானே கொண்டுபோய்க் கொடுத்தா வாரியத்துல வாசலோட அனுப்பிடுவாங்க, கோர்ட்டு சொன்னாத்தான் கேப்பாங்க. அவங்களுக்கு மூணு வருஷம் வேணுமாம்... முப்பத்தாறாவது சீட்டைப் போன மாசந்தான் எழுதி முடிச்சேன்."