அப்ஹாமின் கதிரை

“பிறெடிக்குப் பக்கத்தில மட்டும் இருக்க விட்டிடாதேங்கோ, அன்ரி. அவன் மற்ற ஆக்களின்ர அழிறப்பரையும் கடிச்சுத் திண்டிடுவான்.”

“யா அல்லாஹ்! அழிறப்பரையா?”

“மணக்கிற அழிறப்பரெண்டா முழுசா.”

வெள்ளவத்தையில் கடற்பக்கத்து ஒழுங்கையில் இருந்த அந்த மாடிக்கட்டடத்தின் லிப்ட் அன்றும் வேலை செய்யவில்லை. காலையில்தான் ஐந்தாம் மாடிக்குக் குடிவந்த ஊதா முக்காட்டு அன்ரி, மூன்றாம் மாடிப் படியில் ஒரு பெட்டியோடு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கிளாஸ் முடிந்து மேலே ஏறி வந்த கிஷாந்தின் பள்ளிக்கூட ரீசேட்டைப் பார்த்து, எந்த வகுப்பு என்று கேட்டார். நாலாம் ஆண்டு பி என்றதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

“அங்கதான் மகன், நாளைக்குப் போக வேண்டி ஈக்கி. நெனச்சாலே நெஞ்சு படபடங்குது.”

கிஷாந்துக்கு அது போதும். பெட்டியின் மறுபக்கத்தில் அவனும் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு ஒரு நெருக்கடி இருந்தது. பக்கத்துக் கதிரை அப்ஹாம் தெஹிவளைக்கு வீடு மாறிப் பள்ளிக்கூடமும் மாறிவிட்டான். வெறுமையாகக் கிடக்கும் அந்தக் கதிரையில் நாளை திங்கட்கிழமை பிறெடியை இருத்தப்போவதாக அதிபர் சொல்லியிருந்தார். அதற்குள் ஒரு புதுப் பிள்ளை வந்து அமர்ந்துவிட்டால் கிஷாந்தின் அழிறப்பர்கள் பிழைக்கும். இடைவேளையில் தனியாக இருந்து சாப்பிடுவதும் நிற்கும். இந்த இரண்டாவதை அவன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

“நாலாம் ஆண்டு அப்பிடிக் கஷ்டமா மகன்?”

“கஷ்டம் எண்டில்லை, அன்ரி. மூண்டாம் ஆண்டு மட்டும் நாங்கள் சும்மா பிள்ளையள். நாலாம் ஆண்டு தொடங்கினா ஸ்கொலசிப் பிள்ளையள். புலமைப்பரிசில் சோதினை வாற வருஷம்தான், ஆனா அம்மாமார் இந்த வருஷமே நித்திரை கொள்ள மாட்டினம். சனிக்கிழமை கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை கிளாஸ். அதுக்குள்ள நெடும் வகுத்தல் வேற.”

“வகுத்தலா?” அன்ரி முக்காட்டு நுனியால் நெற்றியைத் துடைத்தார். “போன வருஷம் முழுக்க மட்டக்குளியில ஒண்டாம் ஆண்டு. பாட்டும் களிமண்ணுமா சந்தோஷமாப் போச்சு. இப்ப ஒரே பாய்ச்சல்ல நாலாம் ஆண்டு!”

கிஷாந்த் வாயைப் பிளந்தான். ஒன்றிலிருந்து நாலு! ட்ரிபிள் புரமோஷன்! அப்படியொரு மூளை பக்கத்தில் இருந்தால், கணக்குக் கொப்பியை இலேசாக எட்டிப் பார்த்தாலே போதுமே.

“அன்ரி, கட்டாயம் எனக்குப் பக்கத்தில இருக்கச் சொல்லுங்கோ. ஜன்னல் கரை, ரெண்டாம் வரிசை, வெறுங்கதிரை.”

“இல்ல மகன், நான் வந்து...”

கீழே கரையோர ரயில் கூவிக்கொண்டு போனது. அது போய் முடிவதற்குள் கிஷாந்த் அடுத்த கதைக்குத் தாவிவிட்டான். யாரையும் ஒரு வசனத்தை முழுசாக முடிக்க விட்டதாக அவனுக்குச் சரித்திரம் இல்லை.

“எங்கட வகுப்பு ரகசியமெல்லாம் சொல்லித் தாறன். டீச்சர்ட கதிரைக்கு ஒரு கால் கட்டை. அடியில மட்டை மடிச்சு வைச்சிருக்கு. எங்கட டீச்சர் மாறிப் போனபிறகு ஒவ்வொரு நாளும் வேற வேற ஆள்தான் வருவினம். ஆரும் புது ஆள் வந்தா நாங்கள் மட்டையை உருவிடுவம். பிறகு பாக்கோணும், தொபுக்கடீர்!”

அன்ரி இப்போது மிகவும் கவனமாகக் கேட்டார். “வேற?”

“வகுத்தல் தொடங்கினா நான்தான் கை உயர்த்துவன். ‘டீச்சர், உங்கட ஊருக்கு யானை வருமோ?’ எண்டு கேப்பன். அவ்வளவுதான். மணியடிக்கும் வரைக்கும் ஊர்க்கதைதான்.”

“யானை வராத ஊரெண்டா?”

“ஏன் வாறேல்லை எண்டு கதைப்பினம்.”

படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி அன்ரி சிரித்தார். பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிஷாந்த் பிடித்துக்கொள்ள, இருவருமாக ஐந்தாம் மாடிவரை தூக்கிப் போனார்கள். வாசலில் அவன் திரும்பவும் சொன்னான்.

“பயப்பட வேண்டாமெண்டு சொல்லுங்கோ, அன்ரி. என்ன உதவியெண்டாலும் என்னட்டைக் கேக்கலாம்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

மறுநாள் காலையில் கிஷாந்த் முதல் ஆளாக வகுப்புக்குப் போய், அப்ஹாமின் கதிரையைத் துடைத்து, அதன்மேல் தன் பையை வைத்தான். பிறகு, வழமையை விடக்கூடாதே என்று டீச்சர் கதிரையின் மட்டையையும் உருவிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். பிறெடி இரண்டு தரம் வந்து, “பையை எடடா, அது இனி என்ர இடம்” என்றான். “ஆள் வருது” என்று கிஷாந்த் அசையவில்லை.

அதிபர் உள்ளே வந்தார். கிஷாந்த் எட்டி எட்டிப் பார்த்தான். அவருக்குப் பின்னால் பிள்ளை ஒன்றும் வரவில்லை. ஊதா முக்காடு மட்டும் வந்தது.

“பிள்ளையள், இவதான் உங்கட புது வகுப்பாசிரியை, ஷஸ்னா டீச்சர். முதல் பாடத்தை நானும் பின்னுக்கு நிண்டு பார்க்கப்போறன். இருங்கோ டீச்சர்.”

ஷஸ்னா டீச்சர் தன் கதிரையின் காலை ஒருமுறை குனிந்து பார்த்தார். இருக்கவில்லை. நேரே இரண்டாம் வரிசைக்கு வந்து, கிஷாந்தின் பையை மெல்ல எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு, முழங்கால் மேசையில் இடிக்க அப்ஹாமின் கதிரையில் அமர்ந்து, அவன் காதோரம் குனிந்தார்.

“மகன், எழும்பிப் போய் வகுத்தல் படிப்பிக்கக்குள்ள எனக்குக் கை நடுங்கினா, அந்த யானைக் கேள்விய ஒருக்காக் கேப்பீங்களா?”