வெறும் புல்லு

"வெறும் புல்லு. அதைத் தவிர வேற எதுவும் கிடையாது."

மைக்கில் அக்கா சொல்லி முடித்ததும் கூடமே கைதட்டியது. முயல் வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் அது. இனவிருத்திக்கான சிறந்த ஆண் முயலுக்குக் கொடுக்கும் கேடயம் அவள் கையில் இருந்தது. அதை வென்று கொடுத்த 'மாப்பிள்ளை', பக்கத்து மேஜையில் கூண்டுக்குள் உட்கார்ந்து, யாருக்கோ வந்த விருந்து என்று மூக்கை ஆட்டிக்கொண்டிருந்தது.

"ரோமத்துல என்ன பளபளப்பு, கண்ணுல என்ன தெளிவு. இதோட சேந்த பெண் முயலெல்லாம் கூண்டு நிறையக் குட்டி போட்டிருக்கு" என்று தலைவர் வேறு புகழ்ந்து தள்ளியிருந்தார்.

அக்கா விடுவதாக இல்லை.

"வைட்டமினு, துத்தநாகம், பாட்டில் எண்ணெய்னு சில பேர் கடை விரிச்சு வச்சிருக்காங்க. என் மாப்பிள்ளை அதையெல்லாம் மோந்துகூடப் பாத்ததில்ல."

எல்லாத் தலைகளும் பின்வரிசைப் பக்கம் திரும்பின. அங்கே உட்கார்ந்திருந்தவர் தீவனக் கடைக்காரர். அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"உங்களைத்தான் குத்தறாங்க போலிருக்கே" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், நல்ல பிள்ளை மாதிரி.

கடைக்காரர் காதில் அது விழவே இல்லை. கூடத்திலேயே பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தவர் அவர்தான். அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவும் தம்பியும் பேசி வருடக்கணக்காகிறது. "உனக்கு முயல் வளர்க்கத் தெரியலக்கா" என்று ஒருநாள் சொந்தக்காரர்கள் முன்னால் தம்பி வாயை விட்டுவிட்டார். அவ்வளவுதான். "உன் கடை வாசப்படியை மிதிக்க மாட்டேன். உன் கடைச் சாமான் ஒரு சிட்டிகை என் கூண்டுக்குள்ள வராது" என்று அத்தனை பேர் முன்னாலும் அக்கா சபதம் போட்டாள். அவள் போட்டால் போட்டதுதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா? நம்ம கடையை இழுத்து மூடாத குறைதான். நீங்க என்னடான்னா கை சிவக்கச் சிவக்கத் தட்டறீங்க."

"பின்னே? எங்க அக்கா மேடையேறி நிக்கறா. தட்டாம இருக்க முடியுமா?"

"நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்?"

"வருவாங்க, வருவாங்க. மைக்கைப் பிடிச்சா பாத்தியா? கொஞ்சமாவது கை நடுங்கிச்சா?" சொல்லும்போதே அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

மனைவி விருட்டென்று உள்ளே போனாள். சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின.

மறுநாள் காலை, ஆறாத கோபத்தோடு கடைக்கு வந்தவள் பின்பக்க அறையில் கணவரைப் பார்த்தாள்.

வீடு வீடாகப் புல் போடும் புல்லுக்காரி இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்த கட்டுகளில் ஒன்றை மட்டும் அவிழ்த்துத் தரையில் பரப்பியிருந்தார். கோதுமை முளை எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, புல்லைக் கோதிக் கோதிப் பூசினார். அதன்மேல் வைட்டமினும் துத்தநாகமும் கலந்த பொடியைத் தூவினார். பிறகு முன்பு இருந்தது போலவே கட்டி, அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணியை முடிந்தார்.

"யாருக்கு இவ்வளவு உபசாரம்?"

கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி விழித்தார் அவர்.

"அக்கா வீட்டுக் கட்டு."

அவள் குனிந்து அந்தச் சிவப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"போன வருஷம் மாப்பிள்ளைக்கு வீரியம் குறைஞ்சு போச்சு. கொண்டு வந்து விட்ட பெண் முயல் ஒண்ணுகூட சினை பிடிக்கல. ஒவ்வொருத்தரா வேற இடம் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதை நம்பித்தான் அக்கா வீட்டுல அடுப்பு எரியுது. கூண்டு முன்னாடி உக்காந்து அழுதுக்கிட்டிருக்கான்னு புல்லுக்காரி வந்து சொன்னா. எனக்குச் சோறு இறங்கல."

"நேரா கொண்டு போய்க் கொடுக்கறதுதானே?"

"கொடுத்தா வாங்கற ஆளா அவ? எங்க அக்கா தலை குனிஞ்சு நின்னு நான் பாத்ததில்ல. பாக்கவும் வேணாம். இதுவும் இன்னிக்குக் கொடுத்து நாளைக்குப் பலிக்கற சமாச்சாரம் இல்ல. மாசக்கணக்கா விடாம உள்ள போகணும். அதான் புல்லுல ஏத்திட்டேன்."

"இவ்வளவும் பண்ணிட்டு, வெறும் புல்லு வெறும் புல்லுன்னு அவங்க பேசினதைக் கேட்டுக்கிட்டா உக்காந்திருந்தீங்க?"

"அதைக் கேக்கத்தானே போனேன்."

மனைவிக்குக் கண் கலங்கியது. ஆனால் கோபம் போகவில்லை. நாத்தனார் மேல் அது இன்னும் ஒரு படி ஏறியது.

"செஞ்சது யாருன்னு தெரியாம அந்தப் பேச்சு பேசிட்டாங்க. தெரியட்டும் ஒருநாள்."

"ஐயோ, தெரியவே கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே கட்டைத் தூக்கித் தெருவுல வீசிடுவா. அப்புறம் மாப்பிள்ளை கதி?"

அதற்குள் புல்லுக்காரி வந்துவிட்டாள். சிவப்புத் துணி முடிந்த கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டவள், வாசல்வரை போய்விட்டுத் திரும்பி நின்றாள்.

"அண்ணே, நேத்துக் கூட்டம் முடிஞ்சதும் அக்கா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. உங்ககிட்ட ஒரு சேதி சொல்லச் சொன்னாங்க."

கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கண்டுபிடிச்சுட்டாளா? என்ன சொன்னா?"

"'அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே தாராளக் கை. பொடி சரியா இருக்கு, எண்ணெயை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் பூசச் சொல்லு, மாப்பிள்ளை பெருத்துக்கிட்டே வருது'ன்னாங்க."